அடாப்டர் யார் பேரில் திறந்தது?

கோவையில், கணபதிப் பக்கம், லேத் பட்டறைகளுக்கு மேலே ஒரு லேப் இருந்தது. கீழே இரும்பு கதறும். மேலே மோட்டார் பம்புகளுக்கான எலக்ட்ரானிக் போர்டுகளைச் சத்தமில்லாமல் சோதிப்பார்கள்.

லேபின் பொறுப்பில் இருந்தவர் வசுமதி. எல்லோரும் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் எடுத்ததில்லை. ஏதாவது கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார், அந்தக் கடுப்பில் யாரோ வைத்த பெயர் அது.

அவரிடம் புதிதாக வேலை கற்க வந்தவர் சென்னியப்பன். டீச்சரைவிட வயதில் பெரியவர். எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்து, அது நொடித்துப்போய் இங்கே வந்தவர். முதலாளி மருதாசலம் அவருடைய அக்கா வீட்டுக்காரர். அதுதான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதுதான் அவருடைய கழுத்திலும் தொங்கியது.

கம்பெனி வாசலில் கைரேகை மெஷின் ஒன்று உண்டு. எல்லோரும் அதில் கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சென்னியப்பன் மட்டும் வைத்ததில்லை. அவர் வண்டியைக் கண்டதுமே வாட்ச்மேன் ஆறுச்சாமி ஓடிப்போய்ப் பக்கத்துக் கேட்டைத் திறந்து ஒரு சலாம் வைத்துவிடுவார். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடும். முதலாளி மச்சினன் என்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு பெயர் கிடையாது.

ஆனால் மனிதர் சும்மா உட்கார வந்தவரில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டார் தானே நின்று, தண்ணீர் ஊறியதும் தானே ஓட வேண்டும், அதற்கு ஒரு போர்டு செய்துகொண்டிருந்தார். எத்தனை மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடும் அந்த வறட்டு ஓட்டத்தில் எரிந்தது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. போர்டு ஓடினால் கம்பெனி மோட்டார்களில் ஏறும். ஓடாவிட்டால் வெளியிலிருந்து ரெடிமேட் போர்டு வாங்குவார்கள்.

ஓடினாலும் அது மச்சினன் போர்டு என்றுதான் சொல்வார்கள். அந்த நினைப்பு அவரைத் தூங்க விடவில்லை.

போர்டின் சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு கருவி வேண்டும். அதுதான் அடாப்டர். கட்டைவிரல் அளவு. ஒரு முனை கம்ப்யூட்டரில், மறுமுனை போர்டில். லேபில் இருந்த பழைய அடாப்டர்கள் பிடிக்காமல் சென்னியப்பன் தன் கைக்காசில் வேறு கம்பெனி அடாப்டர் ஒன்று வாங்கி வந்தார்.

மாட்டினார். திரையில் வந்தது: அனுமதி இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு ரூட் பாஸ்வேர்டைத் தட்டினார். கம்ப்யூட்டரில் எதையும் திறக்க, எதையும் அழிக்க அதிகாரம் உள்ள பெயர் ரூட். மற்றவர்கள் அதைத் தொடுவதில்லை. சென்னியப்பன் சேர்ந்த அன்றே, மாப்பிள்ளைக்கு எல்லாம் குடுத்திருங்க என்று முதலாளி சொல்லியிருந்தார். அதில் இதுவும் வந்து சேர்ந்தது.

அடாப்டர் திறந்தது. ஆனால் கோபம் ஆறவில்லை. நேராக டீச்சரிடம் போனார்.

"நான் வாங்குன அடாப்டருங்க. நான் மாட்டுனது. நான் உக்காந்திருக்கற மெஷினு. இதுல நீ யாருன்னு என்னைக் கேக்க அது யாருங்க?"

டீச்சர் எழுந்து வந்து அவருடைய லேப்டாப்பில் ஒரு கட்டளையைத் தட்டினார். இப்போது உள்ளே இருப்பது யார் என்று கேட்கும் கட்டளை.

திரையில் பதில் வந்தது: ரூட்.

"உள்ளே போனது நீங்க இல்லீங்களே அண்ணா," என்றார் டீச்சர்.

"எந்தப் பேர்ல போனா என்னங்க? வேலை ஆகுதுல்ல?"

டீச்சர் தன் இடத்துக்குப் போய்விட்டார். சென்னியப்பன் எப்போதும்போல ரூட்டாகவே உட்கார்ந்து போர்டுக்கான நிரலை எழுதினார்.

வியாழக்கிழமை காலை சென்னியப்பன் அடாப்டரை மாட்டிவிட்டுப் பாஸ்வேர்டைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மறுபடி தட்டினார். ஏற்கவில்லை.

"டீச்சர், பாஸ்வேர்டு வேலை செய்யலீங்க."

"மாத்திட்டேனுங்க."

"ஏனுங்க?"

"உங்க பேர்லயே வேலை செஞ்சு பாருங்க."

லேபில் இருந்தவர்கள் தலையைத் தூக்காமல் காதைத் தூக்கினார்கள். சென்னியப்பனுக்கு முகம் சிவந்தது. சரி, அடாப்டர் போனால் போகட்டும், நிரலிலாவது நாலு வரி திருத்தலாம் என்று தன் பெயரில் நுழைந்து தான் எழுதிய கோப்பைத் திறந்தார். ஒரு வரியை மாற்றினார். சேமிக்கப் போனார்.

அனுமதி இல்லை.

அடுத்த கோப்பு. அனுமதி இல்லை. அதற்கடுத்தது. அதுவும் இல்லை.

"இது நான் எழுதுனதுங்க!" கத்தியேவிட்டார். "ஒவ்வொரு வரியும் நான் எழுதுனது!"

டீச்சர் அவர் பின்னால் வந்து நின்றார். கோப்புகளின் உரிமையாளர் யார் என்று காட்டும் இடத்தில் விரலை வைத்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். ரூட், ரூட், ரூட். சென்னியப்பன் என்று ஒரு இடத்தில்கூட இல்லை.

"எழுதுனது நீங்கதானுங்க," என்றார். "எந்தப் பேர்ல எழுதுனீங்க?"

இதைக் கேட்டதும் மனிதர் சாந்தமாகியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் சாந்தமாகவில்லை. நாளைக்கு முதலாளி வருகிறார், இன்றைக்கு என்னை வைத்து விளையாடுகிறாளே என்று கொதித்தார். நல்ல மனிதர்தான், கோபத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தார். போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டார்.

மருதாசலம் மாடிப்படி ஏறி வந்தார். லேபுக்கு அவர் வருவது அபூர்வம். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"டீச்சர், மாப்ள என்னமோ பாஸ்வேர்டு கேட்டானாமா?"

"ஆமாங்க."

"குடுத்திருங்க."

"முடியாதுங்க."

மருதாசலம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இது யார் கம்பெனிங்க டீச்சர்?"

"உங்க கம்பெனிங்க."

"அந்தக் கம்ப்யூட்டரு?"

"அதுவும் உங்களுதுங்க."

"அப்புறமென்ன?"

"அவரு போர்டு ஒண்ணுதானுங்க இங்க அவருது. அதையும் உங்க சாவியப் போட்டுத் திறந்தா அதுவும் உங்களுது ஆயிருமுங்க."

மருதாசலத்துக்கு அது புரிந்ததா என்று தெரியாது. பத்துப் பேர் முன்னால் ஒரு வேலைக்காரி முடியாது என்று சொன்னது நன்றாகப் புரிந்தது.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம். கேட்ல சொல்லிர்றேன்."

"சரிங்க." டீச்சர் ஒரு காகிதத்தில் எதையோ எழுதி மடித்து அவரிடம் நீட்டினார். "புதுப் பாஸ்வேர்டுங்க. உங்க கம்பெனிச் சாவி உங்ககிட்ட இருக்கறதுதான் சரி. மத்தபடி, இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்குதுங்க."

முதலாளி காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது மாப்பிள்ளையிடம், மத்தியானம் வந்து வாங்கிக்கோ என்றார்.

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். டீச்சருக்கு ஒரு வசவு விழ வேண்டும் என்றுதான் நினைத்தார். வேலை போக வேண்டும் என்று நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் மறுபடி கோபம் வந்தது.

"குடுத்துத் தொலைச்சிருக்கலாமுல்லீங்க! அவரு கையிலதான் குடுத்திருக்கீங்க. நான் போய் வாங்கிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"போய் வாங்கிக்குங்க. கதவு திறந்துதான் இருக்குது."

மத்தியானம் ஆனது. சென்னியப்பன் போகவில்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு டீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் போட்டார். 

"எம் பேர்ல எப்படித் திறக்கறதுங்க?" என்றார் கடைசியில். கேட்ட தொனியில் பணிவு கொஞ்சமும் இல்லை.

டீச்சர் தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

ஒவ்வொரு அடாப்டருக்குள்ளும் இரண்டு எண்கள் பதிந்திருக்கும். ஒன்று செய்த கம்பெனியின் எண், இன்னொன்று அந்தப் பொருளின் எண். அவற்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார். சென்னியப்பன் கண்டுபிடித்தார். பிறகு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார். இந்த இரண்டு எண்ணும் உள்ள அடாப்டர் வந்தால், லேப் ஆட்களுக்குத் திற. அவ்வளவுதான் அந்த வரி.

"லேப் ஆளுங்கள்ல நான் இருக்கறனுங்களா?"

"நீங்க சேந்த அன்னைக்கே சேத்தாச்சுங்க. நீங்கதான் அந்தப் பக்கம் போகவே இல்ல."

அந்த வரியைக் கம்ப்யூட்டரின் விதிகளோடு சேர்த்து வைக்க ரூட்தான் வர வேண்டும். டீச்சர் பாஸ்வேர்டைத் தட்டினார். அந்தக் கையோடு, சென்னியப்பன் எழுதிய கோப்புகளை எல்லாம் அவர் பெயருக்கே மாற்றினார்.

"ரூட் வேண்டாம்னு சொல்லிட்டு நீங்களே போறீங்களே?"

"ஒருக்கா விதி போடறதுக்கு. அப்புறம் அது வீட்டுக்குப் போயிரணும்."

சென்னியப்பன் தன் பெயரில் நுழைந்தார். அடாப்டரைத் திறந்தார்.

அனுமதி இல்லை.

நாற்காலி பின்னால் உருண்டது. "பாத்தீங்களா! விதியாம் விதி! இதுக்கா வேலையை வுட்டீங்க?"

"அடாப்டரை எப்ப மாட்டுனீங்க?"

"காலையில!"

"விதி எப்ப எழுதுனோம்?"

"இப்ப!"

"அது உள்ளே வந்தப்ப இந்த விதி இல்லீங்க. உள்ளே இருக்கறதைக் கூப்புட்டு விதி மறுபடி விசாரிக்காது. வாசல்லதான் கேக்கும்."

சென்னியப்பன் அடாப்டரைப் பிடுங்கினார். மறுபடி செருகினார். அதன் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. திறந்தார்.

திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. சென்னியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இப்போது உள்ளே இருப்பது யார் என்று கேட்கும் கட்டளையைத் தானே தட்டினார். வந்த பெயரை வாய்விட்டுப் படித்தார்: சென்னியப்பன்.

சாயங்காலம் டீச்சர் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை சென்னியப்பன் வந்தபோது டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வர வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு, தினமும் வரும் நேரத்துக்குச் சரியாக வந்து நின்றிருந்தார். ஆறுச்சாமி பாவம், மெஷினைக் கையால் மறைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இங்கே நிக்கறீங்க?"

"வேலைக்கு வந்தேனுங்க. உள்ளே விட மாட்டேங்கறாங்க."

"ஒரு வார்த்தைங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா ஆறுச்சாமி இப்பவே திறந்துருவான்."

"யார் பேர்ல?"

கையை ஆட்டி ஆறுச்சாமியைக் கூப்பிடப் போன சென்னியப்பன் கையை இறக்கிக்கொண்டார்.  

"போங்கண்ணா. அங்கே உங்களுக்கு நான் தேவையில்ல."

டீச்சர் எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆறுச்சாமி பக்கத்துக் கேட்டைத் திறந்து சலாம் வைத்தார். சென்னியப்பன் தலையைக் குனிந்தபடி வண்டியை உள்ளே ஓட்டினார். அந்தச் சலாம் அன்றைக்கு அவருக்கு எரிந்தது.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி, அதில் இறக்கிய மோட்டார், பக்கத்து மேசையில் போர்டு, அடாப்டர், மேலேயிருந்து கொண்டுவந்த அதே லேப்டாப். முதலாளி ஒரு கையில் ரெடிமேட் போர்டின் பெட்டியோடு வந்து நின்றார். தொட்டியின் அடியில் வால்வைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இறங்கியது. மோட்டார் ஓடியது. தண்ணீர், உறிஞ்சும் குழாயின் வாய்க்குக் கீழே போகும் நேரம் மோட்டார் தானே நின்றது.

யாரோ கை தட்டினார்கள்.

வால்வை மூடித் தண்ணீர் விட்டார்கள். தொட்டி பாதி நிறைந்தது, மோட்டார் எழவில்லை. முக்கால் நிறைந்தது, எழவில்லை. தொட்டி நிறைந்து தரையில் வழிந்தது. கை தட்டியவர் கையை மடக்கிக்கொண்டார்.

"போர்டுக்குள்ள போய்ப் பார்றா," என்று முதலாளி சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தா சாவி. நேத்தே வந்து வாங்கியிருக்கலாம், வீம்பு புடிச்சவனே."

"வேண்டாமுங்க மாமா."

"அப்புறம் எப்படித் திறப்ப? அந்தம்மாவும் இல்ல!"

சென்னியப்பன் அடாப்டரைப் போர்டில் மாட்டி மறுமுனையை லேப்டாப்பில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. திறந்தது. முதலாளியின் கை காகிதத்தோடு அப்படியே நீண்டிருந்தது.

சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்ணீர் வந்தது போர்டுக்குத் தெரிந்திருந்தது. கிணறு ஊறுவதற்காக அவர் வைத்த காத்திருப்பு நேரத்தில்தான் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருந்தது. போர்டு சொன்னபடி நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் கோப்பில் அந்தப் பூஜ்யத்தை அடித்தார். சேமித்தார். கோப்பு மறுக்கவில்லை. திருத்தியதைப் போர்டில் ஏற்றி, தொட்டியை வடித்து, மறுபடி நிரப்பச் சொன்னார்.

தண்ணீர் ஏறியது. மோட்டார் ஒரு உறுமல் உறுமி ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களாடா!" மருதாசலம் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "எம் பொண்டாட்டி தம்பின்னா சும்மாவா! என்ன வேணும் கேளு மாப்ள."

சென்னியப்பன் அடாப்டரைக் கழற்றினார். மோட்டாரை நிறுத்தி, போர்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதைச் செஞ்சது உங்க பொண்டாட்டி தம்பி இல்லீங்க."

"பின்னே?"

"உங்க லேப்ல வேலை செய்யற சென்னியப்பனுங்க. அவனுக்கு வேலை சொல்லிக் குடுத்தவங்க டீக்கடையில உக்காந்திருக்காங்க. அவங்க உள்ளே வராம இந்தப் போர்டு என் கையை விட்டு எறங்காதுங்க."

"என்னடா, மெரட்டறயா?"

"ஆமாங்க முதலாளி."

மாமா என்ற சொல் அங்கே இல்லாதது எல்லோருக்கும் கேட்டது. மருதாசலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். ரெடிமேட் போர்டின் பெட்டியைப் பார்த்தார். போர்டு இல்லாத மோட்டார் தொட்டிக்குள் சும்மா கிடந்தது.

"போய்க் கூட்டிட்டு வந்து தொலை."

"நான் சொல்லித் திறந்தா மச்சினன் சொல்லித் திறந்ததா ஆயிருமுங்க. நீங்களே கேட்டுக்குச் சொல்லிருங்க. பழையபடி டீச்சர் கை வெச்சுட்டு வரட்டும்."

முதலாளி முனகிக்கொண்டே போனை எடுத்தார். காகிதத்தை மடித்து மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சென்னியப்பன் போர்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு ஓடினார். கம்பிகளுக்கு உள்ளே நின்று கூப்பிட்டார்.

"டீச்சர்! வாங்க! கேட் திறந்தாச்சு!"

டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. "யார் பேர்ல?"

"உங்க பேர்லயேதானுங்க. முதலாளியே ஆறுச்சாமிகிட்டச் சொல்லிட்டாரு."

"போர்டு?"

"ஓடுச்சுங்க!" போர்டைத் தூக்கிக் காட்டினார். "எம் பேர்ல ஓடுச்சுங்க!"

டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். மெஷினில் கட்டைவிரலை வைத்தார். அது ஒரு தடவை கூவியது. உள்ளே வந்து சென்னியப்பன் பக்கத்தில் நின்றார். போர்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவரிடமே கொடுத்தார்.

"வாங்க டீச்சர், மேல போலாம்."

டீச்சர் நகரவில்லை. கைரேகை மெஷினையும் திறந்திருந்த கேட்டையும் பார்த்தார்.

"காலையில நீங்க உள்ளே வந்தது பழைய பேர்லங்க அண்ணா. ஒருக்கா வெளியே போயிட்டு வாங்க."